மறு: பயிற்சி கொடுத்தும் வகுப்பில் மாற்றம் இல்லை

டீச்சர், வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தும் உங்கள் ஆசிரியர்கள் பழையபடி கோரஸாகவே படிக்க வைக்கிறார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புதுச் சொல்லைக் கண்டால் விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹாலில் உட்கார்ந்து திரையில் பவர்பாயிண்ட் பார்த்தால் யாருக்குக் கை வரும்?

அடுத்த முறை ஒவ்வொரு ஆசிரியரையும் ஒரு பிள்ளையிடம் 'மிடு', 'கெபா', 'தோமு' என்று அர்த்தமில்லாத சொற்களைக் காட்டிப் படிக்க வைக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. பெரும்பாலும் எ, ஏ, ஒ, ஓ குறிகளில்தான் தடுக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக உருப்போட வைக்காமல், 18 மெய்யோடு குறிகளைச் சேர்க்கும் வழியைக் காட்டினால் பாதிச் சுமை குறையும். இதை ஆசிரியர் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

அப்புறம், பதினைந்து நாள் கழித்து நீங்களே வகுப்பில் போய் உட்காருங்கள், நோட்டு திருத்த அல்ல, சேர்ந்து பாடம் நடத்த. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2013-க்குப் பிறகு ஆசிரியர் பயிற்சியோடு, பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களையும் அனுப்பினார்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் அமெரிக்க மாநிலங்களில் 49-ஆவது இடத்தில் இருந்த அது 2019-இல் 29-ஆவது இடத்துக்கு வந்தது. (தேறாத பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்துவதும் அங்கே உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை.)

முதலில் இரண்டு பள்ளிகள் போதும்.