எரிமலைக்கு நாயையும் கூட்டிப் போகலாமா? கேள்வி பதில்

ஏப்ரல், மே வந்தால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பாதி ஊருக்கும், பாதி பிள்ளைகள் இருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிவிடும். சயானில் இருக்கும் என் கால்நடை கிளினிக்கில் அப்போது ஊசியை விடப் பயணக் கேள்விகள்தான் அதிகம். இந்த முறை எரிமலை பற்றியே ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.

மகன் கலிஃபோர்னியாவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வீடு போன்ற வண்டி) வாடகைக்கு எடுத்திருக்கிறான். அவனுடைய லாப்ரடாரும் வருகிறது. லாசன், மாமத் லேக்ஸ் என்ற இரண்டு எரிமலைப் பகுதிகளுக்கும் போகிறோம். நாய்க்கு ஆபத்து உண்டா டாக்டர்? (மாட்டுங்கா வாசகி)

லாசனில் எனக்குக் கவலை குறைவு அம்மா. அந்தத் தேசியப் பூங்காவில் நடைபாதைகளில் நாயை விடவே மாட்டார்கள். வண்டி நிறுத்தும் இடம், முகாம், சாலை, அவ்வளவுதான். மாமத் லேக்ஸ் பக்கம் வனத்துறை நிலம், கயிற்றோடு நாய் எங்கும் வரலாம். அதனால்தான் அங்கே கவனம் தேவை.

மாமத் மலையடியில் ஹார்ஸ்ஷூ ஏரி இருக்கிறது. 1989இல் அந்த மலைக்கு அடியில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு ஏரிக்கரை மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. பூமிக்குள்ளிருந்து கரியமில வாயு மண்ணுக்குள் ஏறி வேர்களை மூச்சுமுட்ட வைத்ததுதான் காரணம். சுமார் 100 ஏக்கருக்கு வெள்ளை வெள்ளையாகப் பட்ட மரங்கள் நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. காற்று அசையாத நாளில் பள்ளத்திலும், பனி உருகிய குழியிலும் தண்ணீர் போலத் தேங்கும். உங்கள் மூக்கு ஐந்தடி உயரத்தில், நாயின் மூக்கு தரையில். உங்களுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் அது மயங்கி விழலாம். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே ‘நாய்க் குகை’ என்றே ஒரு குகை உண்டு. நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு அங்கே ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்தில் சுற்றுலா வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட, ஒரு நாயை உள்ளே கொண்டுபோய் மயங்க வைத்து, பிறகு வெளியே இழுத்து ஏரித் தண்ணீரில் போட்டுத் தெளிய வைப்பார்களாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. மோப்பம் பிடித்து நாய் விலகிவிடும் என்று நம்ப வேண்டாம். பட்ட மரங்களுக்கு நடுவே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். குழி தோண்ட விடாதீர்கள், பள்ளத்தில் படுக்க விடாதீர்கள். திடீரென்று வேகமாக இரைத்தாலோ, கால் தள்ளாடினாலோ தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள். தூக்கக் குனியும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலைப் பூங்காவில் நாயை ஆர்.வி.யிலேயே பூட்டிவிட்டு வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு வரலாமா? (செம்பூர் வாசகர்)

வேண்டாம் சார். வெளியே 24 டிகிரி இருக்கும் நாளில்கூட, மூடிய காருக்குள் அரை மணியில் 40ஐத் தாண்டிவிடும். ஆர்.வி.யில் ஏ.சி. இருக்கிறதே என்பீர்கள். ஜெனரேட்டர் நின்றுபோனால் உள்ளே இருக்கும் நாய் யாரிடம் சொல்லும்?

அதற்காக ஊற்றுப் பக்கம் கூட்டிப் போகவும் முடியாது. சாலை, முகாம் இவற்றிலிருந்து 100 அடிக்கு மேல் நாய் போகக் கூடாது, மரப்பலகைப் பாதையில் அனுமதியே இல்லை. இது வெறும் கெடுபிடி இல்லை. 1981இல் வண்டியிலிருந்து தப்பிய ஒரு நாய் செலஸ்டைன் என்ற ஊற்றில் குதித்தது. தண்ணீரின் சூடு கொதிநிலைக்குப் பக்கத்தில், 94 டிகிரி. காப்பாற்றக் குதித்த இளைஞரும் பிழைக்கவில்லை, நாயும் பிழைக்கவில்லை.

இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கும். முதல் தடவை நீங்கள், அடுத்த தடவை வீட்டம்மா. ஒருவர் எப்போதும் நாயோடு இருக்கலாம்.

கேம்பர் வேனில் எங்கள் இண்டி நாயோடு லோணார் எரிமலைக்குப் போகிறோம். டிப்ஸ் வேண்டும். (முலுண்ட் வாசகர்)

லோணார் எரிமலை இல்லை தம்பி. ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது, சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம். ஆனால் அந்தக் கல் விழுந்த பாறை எரிமலைப் பாறைதான். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுக்க வழிந்து உறைந்த குழம்பு. அதே வகைக் கருங்கல் அந்தேரியில் கில்பர்ட் ஹில்லாக 200 அடிக்கு நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

இந்தக் கறுப்புப் பாறை வெயிலை அப்படியே குடித்துக்கொள்ளும். போன மே மாதம் ஒரு மலைக்கோட்டையில் ஏறிவிட்டு வந்த நாயை என்னிடம் தூக்கி வந்தார்கள். மேசையில் படுக்க வைத்துக் காலைத் திருப்பினேன். உள்ளங்கால் கறுப்புத் தோல் உரிந்து ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அடியில் இளஞ்சிவப்புச் சதை. வழியெல்லாம் அது நக்கிக்கொண்டே வந்ததாம், கால் அரிக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். புதுத்தோல் வர மூன்று வாரம் கட்டுப் போட்டோம்.

புறங்கையைப் பாறையில் வையுங்கள். ஏழு நொடி தாங்கவில்லையா, நாயும் அதில் நடக்க வேண்டாம். காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்று, ஏரித் தண்ணீர் உப்பும் காரமும் கலந்தது, ஒரு வாய்கூடக் குடிக்க விடாதீர்கள். கீழே சரணாலயம் என்பதால் நாயோடு மேல் விளிம்பிலேயே நின்று பார்ப்பது நல்லது.

அந்தமான் பாரன் தீவுக்கு நாயோடு போக முடியுமா? (தாராவி வாசகி)

முடியாது. இந்தியாவில் இன்னும் கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை அது. சுற்றுலாப் பயணிகள் கரையில் இறங்கவே அனுமதி இல்லை, கப்பலிலிருந்து பார்ப்பதோடு சரி.

எங்கள் பக் நாயையே இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆர்.வி. பயணம் சேர்த்துக்கொள்ளலாமா? (வாசி வாசகர்)

நாய்வழி வெறிநோய் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் அமெரிக்கா நம்மை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் விதி இன்னும் கடுமை. நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப், அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, தடுப்பூசி வேலை செய்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும் இறக்கம். பரிசோதனை முடிவு இல்லாமல் போனால் 28 நாள் தனிமைப்படுத்தல். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும், டிக்கெட்டுக்கு முன்னால் இதைத் தொடங்குங்கள்.

அப்புறம் பக் என்கிறீர்கள். சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன, அது நியாயமும்கூட. ஏற்றினாலும் ஹார்ஸ்ஷூ ஏரி கிட்டத்தட்ட 9,000 அடி உயரம். வாசியில் இரண்டு மாடி ஏறினாலே இரைக்கிற நாய் அங்கே என்ன பாடுபடும்? அது பழகிய வீட்டில், பழகிய கையில் விட்டுவிட்டுப் போங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நாலு நாள் அங்கே தங்கவைத்துப் பழக்குங்கள். மூன்றாவது நாள் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் தைரியமாகக் கிளம்பலாம்.