60 கி.மீ., இரண்டு நாள்: கயாக் கணக்கு எங்கே இடிக்கிறது

புதியவர்களும் இருக்கும் குழுவோடு, கயாக்கில் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) ஆற்றில் 60 கி.மீ. தூரத்தை, நாளுக்கு ஐந்து மணி நேரம் துடுப்புப் போட்டு இரண்டு நாளில் முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாளாக்குங்கள். லீவு கிடைக்காது என்றால், படகில் ஏறும் இடத்தை ஆற்றோட்டத்தின் திசையில் கீழே தள்ளி 40 கி.மீ. ஆக்குங்கள். இரண்டு நாளில் 60 கி.மீ. என்பது புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு ஆகாத காரியம்.

நீங்கள் போட்டிருக்கும் 'மணிக்கு 6 கி.மீ., ஐந்து மணி நேரம்' என்பது துடுப்பை நிறுத்தாமல் போனால் வரும் கணக்கு. சாமான் ஏற்றிய கயாக், ஓட்டமில்லாத தண்ணீரில் மணிக்கு 4 போனாலே நல்ல வேகம்தான், அதிலும் சாப்பாடு, மணல்திட்டில் அடி தட்டி இறங்கித் தள்ளுவது, பின்தங்கியவருக்காகக் காத்திருப்பது என்று பாதி நேரம் கரைந்துவிடும்.

அப்புறம், அந்த 60-ஐ எப்படி அளந்தீர்கள்? வளைவுகளை வெட்டி நேர்க்கோடு போட்டிருந்தால் உண்மையான தூரம் இன்னும் கூடும். செயற்கைக்கோள் படத்தில் நட்டாற்றோடு நெருக்க நெருக்கமாகப் புள்ளி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். முடிந்தால் முழுச் சாமானோடு ஏரியில் அரை மணி போய், அதே வழியில் அரை மணி திரும்புங்கள். காற்றின் தயவு கழிந்து உங்கள் சொந்த வேகம் தெரியும்.

கடைசி 10 கி.மீ. அணையின் நீர்த்தேக்கம் என்கிறீர்கள். அங்கே ஓட்டம் உதவாது, பிற்பகலில் எதிர்காற்று பிடித்தால் கை ஓய்ந்துவிடும். அதைக் காலையில் கடக்கிற மாதிரி முகாமை வையுங்கள்.

ஒன்று மட்டும்: ஆற்றில் நீங்கள் ஏறும் இடத்துக்கு மேலேயும் ஓர் அணை இருந்து தண்ணீர் திறந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. திறப்பு நேரத்தை விசாரிக்காமல் மணல்திட்டில் கூடாரம் போடாதீர்கள்.