முதுகில் ஏறும் கிலோக்கள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ‘தி லாங் டார்க்’ என்னும் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். 30 கிலோவுக்கு மேல் பையில் சேர்ந்தால் நடை தளர்ந்துவிடுகிறது. என் தம்பி ‘மின்கிராஃப்ட்’ விளையாட்டில் மலையையே வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். எந்த முறை சரி?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் சரி. தம்பியின் பையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையில் பொருள் வைக்க 36 கட்டம், கட்டத்துக்கு 64 பொருள். அத்தனையும் தங்கப் பாளமாக இருந்தால் 2,304 பாளம். ஒரு பாளம் ஒரு கன மீட்டர். ஒரு கன மீட்டர் தங்கம் 19 டன்னுக்கு மேல். மொத்தம் 44,000 டன்னைத் தாண்டுகிறது. இருந்தும் அந்த விளையாட்டில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கட்டுகிறவனின் விளையாட்டு. கோட்டை எப்படி எழும்ப வேண்டும் என்று யோசிக்கிறவனை, கல் சுமக்க நூறு நடை நடக்கவைத்தால் கோட்டை பாதியில் நின்றுபோகும்.

நீங்கள் விளையாடுவது வேறு. வட கனடாவின் பனியில் ஒரு கற்பனைத் தீவு. 2014-ல் முன்னோட்டமாகவும் 2017-ல் முழுமையாகவும் வந்தது. அங்கே ஓநாயும் கரடியும் உண்டு, ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குளிரும் தூரமும். தூரத்தைக் கொடியதாக்குவது உங்கள் முதுகில் இருக்கும் எடை. ஒரு கரடியைச் சுட்டு வீழ்த்திவிட்டு, அவ்வளவு கறியையும் எப்படிக் கொண்டுபோவது என்று நிற்பீர்களே, பச்சைக் கறியின் வாடைக்கு ஓநாய் வேறு வரும், அந்த நிமிடத்துக்காகத்தான் மொத்தத் தீவையும் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கோடரி, துப்பாக்கி, படுக்கை, கறி என்று 30 கிலோவைச் சுமந்துகொண்டு பனியில் நடக்கிறான். நிஜத்தில் ஒரு மனிதரால் இது ஆகுமா?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: ஆகும் அம்மா, ஆனால் எல்லோராலும் ஆகாது. மலையேறுகிறவர்களுக்குப் பையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கும் கடை எனக்கு. 11 வருடமாகக் கடை வாசலில் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. கிளம்புகிற ஒவ்வொருவரின் ரக்சாக்கையும் அதில் மாட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. மூன்று நாள் நடைக்கு 18 கிலோவோடு வருகிற பிள்ளைகள் உண்டு. இரண்டாவது ஜீன்ஸ், குடும்பத்துக்கே போதுமான ஷாம்பு பாட்டில், மூன்று பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைப்பேன். எடுக்கும்போது அவர்கள் முகம் வாடும். இரண்டாம் நாள் மாலை மலையிலிருந்து போன் செய்து நன்றி சொல்வார்கள்.

மறுபக்கம், நேபாளத்துச் சுமைதூக்கிகள் நாம்லோ என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி, ஏறக்குறையத் தங்கள் உடல் எடை அளவுக்கே சுமந்து மலை ஏறுகிறார்கள். அதனால் 30 கிலோவைப் பொய் என்று சொல்லமாட்டேன். அவ்வளவையும் சுமந்து வந்தவர் உடனே மரம் வெட்டப் போவதுதான் பொய். அதையும் அந்த விளையாட்டு ஓரளவு கவனித்திருக்கிறது. களைப்பு ஏற ஏறத் தூக்கும் அளவு குறையும், சரிவில் கால் பிசகும். மூன்று நாள் பட்டினியில்லாமல் சாப்பிட்டு வந்தால் ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கலாம். காலையில் லேசாகத் தெரிந்த பை மாலையில் கனக்கிறது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன விளையாட்டை நான் வேறு பார்க்கவில்லை.

கேள்வி: எடை வரம்பை நீக்கும் மாட் (விளையாட்டின் விதியை மாற்ற ரசிகர்கள் எழுதும் நிரல்) போட்டு விளையாடுவது தப்பா?
(பெயர் வேண்டாம் என்கிறார், மதுரை)

பதில்: தப்பே இல்லை. வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கிறவர் அந்த நேரத்தைப் பெட்டிக்கும் பைக்கும் நடுவே அலைந்து கழிக்க வேண்டாம். முதல் பத்து மணி நேரம் மட்டும் போடாமல் விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து காட்டில் உயிர்பிழைக்கும் ஒரு சின்ன கேம் செய்கிறோம். பைக்கு எடை வரம்பு வைப்பதா, கட்டம் வைப்பதா என்று தினமும் சண்டை. நிஜம் போலவும் இருக்க வேண்டும், சலிக்கவும் கூடாது.
(புரோகிராமர், சென்னை)

பதில்: எடையா கட்டமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். உங்கள் பை நிரம்பும்போது விளையாடுகிறவர் எங்கே நிற்கிறார்? காட்டுக்குள் நிற்கிறார் என்றால் வரம்பு வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார் என்றால் அவருக்கு நீங்கள் குமாஸ்தா வேலை கொடுத்துவிட்டீர்கள். வீட்டுக்குள் வந்ததும் அடுப்பும் பட்டறையும் எல்லாப் பெட்டியிலிருந்தும் தாமாக எடுத்துக்கொள்ளட்டும். நிஜத்தில் அப்படி நடக்காதுதான், ஆனால் அந்த இடத்தில் நிஜத்தை விட்டுக்கொடுப்பதால் எதுவும் கெடாது.

‘தி ஃபாரஸ்ட்’ விளையாட்டைப் பாருங்கள். மரத்துண்டைப் பைக்குள் போட முடியாது, தோளில் சுமந்தால் ஒரு தடவைக்கு இரண்டுதான். அதனால் வீடு எங்கே கட்டுவது என்பதை மரம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. ‘வால்ஹெய்ம்’ விளையாட்டில் இரும்பைச் சாதாரண மாய வாசல் வழியே கொண்டுபோக முடியாது. படகில் ஏற்றித்தான் கடல் கடக்க வேண்டும். எல்லாப் பொருளுக்கும் கறாராக எடை போடுவதைவிட ஒன்றிரண்டு பொருளை மட்டும் பாரமாக வைப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இவை இரண்டும் போதும்.

பையை அடுக்கும் விதத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கனமான சாமான் முதுகெலும்பை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்புப் பட்டை பாரத்தை வாங்க வேண்டும். அதே 12 கிலோவைத் தப்பாக அடுக்கினால் 20 போலப் பின்னுக்கு இழுக்கும். ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ என்னும் விளையாட்டு 2019-ல் இதைத் தொட்டது. சுமையை உயரமாக அடுக்கினால் ஆள் தள்ளாடுவார், இடது, வலது பொத்தான்களை அழுத்திச் சமாளிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1915 அக்டோபரில் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் பனி, துருவப் பயணி ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பலை நெரித்தது. பனிமேல் நடந்தே போக வேண்டும். சொந்தச் சாமான் ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம், என்று அவர் உத்தரவிட்டார். தன் தங்கக் காசுகளையே பனியில் போட்டார். ஆனால் குழுவில் இருந்த லெனார்ட் ஹஸ்ஸியின் பேன்ஜோவை மட்டும் விடக் கூடாது என்றார். ஐந்தரைக் கிலோ எடையுள்ள அந்த வாத்தியம்தான் மனதுக்கு மருந்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் விளையாட்டுகளின் பைகளில் எல்லாமே பயனுள்ள பொருள். தீப்பெட்டியைவிட விறகு முக்கியம் என்று கணக்குப் போட்டே எதையும் விட்டுவிடலாம், மனம் வலிப்பதில்லை. உங்கள் விளையாட்டில் பசியாற்றாத, குளிரைப் போக்காத, இரண்டு கிலோ பொருள் ஒன்றை முதல் நாளே பையில் வையுங்கள். அதற்கு ஒரு கதை இருக்கட்டும். 30-ஆவது நாள் கறியா அதுவா என்று விளையாடுகிறவர் பனியில் நிற்கட்டும்.

கேம் தயாரானதும் எழுதுங்கள். அந்தப் பொருள் என்ன என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், காத்திருப்பேன்.