ஸ்மார்ட் நகரங்களை உருவாக்குவதில் ஸ்மார்ட் மின்கட்டமைப்பின் பங்கு என்ன?

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது இன்றும் செலவு பிடிக்கும் வேலை. அதனால் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். தவறினால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அலைவெண் (மின்னோட்டம் ஒரு நொடியில் முன்னும் பின்னுமாக அலையும் தடவைகள்) பிசகி, மின்தடை வரை போகும். பழைய கட்டமைப்பில் மின்சாரம் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரே திசையில் பாய்ந்தது. இப்போது கூரைச் சூரியத் தகடுகள் எதிர்த்திசையிலும் அனுப்புகின்றன. மேகம் மறைத்தால் உற்பத்தியைச் சட்டெனக் குறைத்துவிடுகின்றன. மாலையில் ஒரு தெருவே மின்கார்களுக்குச் சார்ஜ் ஏற்றினால் அங்குள்ள டிரான்ஸ்பார்மர் திணறும்.

ஸ்மார்ட் கட்டமைப்புக்கு, அதாவது தகவல்தொடர்பும் தானியங்கிக் கட்டுப்பாடும் சேர்ந்த மின்கட்டமைப்புக்கு, உண்மையான வேலை இங்குதான். மீட்டர்களும் சென்சார்களும் சுமையை உடனுக்குடன் தெரிவிப்பதால், சார்ஜ் ஏற்றுவதை நள்ளிரவுக்குத் தள்ளலாம். நேரத்துக்கேற்பக் கட்டணத்தை மாற்றலாம். கம்பி அறுந்தால் தானியங்கிச் சுவிட்சுகள் பழுதான பகுதியை மட்டும் துண்டித்து, மற்றவர்களுக்கு வேறு பாதையில் மின்சாரம் தரும். மீட்டரை மட்டும் மாற்றிவிட்டு நகரமே ஸ்மார்ட் ஆகிவிட்டது என்பது, என் பார்வையில், வெறும் விளம்பரம்.

ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பரில் உக்ரைனில் நடந்த இணையத் தாக்குதலில் 2 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதைக்கூட மீட்டர் தரவு காட்டிக்கொடுக்கும். அதை யார் பார்க்கலாம் என்பதை முதலிலேயே சட்டமாக்கிவிட வேண்டும்.