ரோங்கெலாப் மேல் விழுந்த தூசி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1954-ல் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் பக்கத்துத் தீவு மக்கள் மேல் விழுந்ததாகப் படித்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முன்கூட்டியே பார்த்திருக்க மாட்டார்களா?

பதில்: பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். அதனால்தான் இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. மேலடுக்குக் காற்றை அளக்கப் பலூன் விடும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் மட்டத்துக் காற்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிக்கினி இருக்கும் மார்ஷல் தீவுகளில் கீழே கிழக்கிலிருந்து வாணிபக் காற்று அடிக்கும். தூசி மேற்கே போய்விடும் என்று தோன்றும். மேலே போகப் போகக் காற்று திரும்பி, கிழக்கு நோக்கி அடிக்கும் அடுக்குகள் வரும். குண்டின் மேகமோ ஏறத்தாழ 40 கி.மீ. உயரம் எழுந்தது. வெடிப்பில் நொறுங்கி அதோடு எழுந்து, பிறகு இறங்கும் பவளத்தூளை ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். தானியம் தூற்றும்போது மணி காலடியிலும் பதர் தள்ளியும் விழுவது போல, கனத்த துகள் அருகிலும் நுண்துகள் வெகுதூரத்திலும் விழும். 20 கி.மீ. உயரத்திலிருந்து நொடிக்கு அரை மீட்டர் இறங்கும் துகள் தரை தொட 11 மணி நேரமாகும். மணிக்கு 30 கி.மீ. காற்று போதும், அது 300 கி.மீ. தாண்டிவிடும்.

நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமியின் சுழற்சி விசை பலவீனம் என்பதால், காற்றழுத்தப் படத்தைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் வழி அங்கே சரிவராது. பலூன் விட்டு அடுக்கடுக்காக அளப்பதுதான் வழி. அதைத்தான் செய்தார்கள். பிப்ரவரி 28 காலையில் நிலைமை சாதகம் என்றது அறிக்கை. மாலையில் அவ்வளவு சாதகமில்லை. நள்ளிரவு அறிக்கையில், 20,000 அடி உயரக் காற்று கிழக்கே, மக்கள் வாழ்ந்த பக்கத்துத் தீவான ரோங்கெலாப்பை நோக்கி இருந்தது. அப்படியும் மார்ச் 1 காலை 6.45-க்கு வெடித்தார்கள்.

ஏறக்குறைய 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்) எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்துவிட்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம். குண்டில் இருந்த லித்தியத்தின் ஒரு வகையான லித்தியம்-7 எரிபொருளாக மாறும் என்று யாரும் கணக்குப் போடவில்லை என்பது உண்மைதான். தூசி அவ்வளவு அதிகமானதற்கு அது காரணம். ஆனால் அந்தக் காற்றின் திசை முந்தின ராத்திரியே தெரிந்திருந்ததே! 1946-ல் இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய குண்டுகளுக்கு ரோங்கெலாப் மக்களை முன்கூட்டியே வேறு தீவுக்கு மாற்றியிருந்தார்கள். 1954-ல் மாற்றவில்லை. இதை வானிலைக்காரர்களின் தவறு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சில மணி நேரத்தில் ரோங்கெலாப்பில் வெள்ளைத் தூள் விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். ரோங்கெரிக் தீவில் வானிலை நிலையத்தை நடத்திக்கொண்டிருந்த 28 அமெரிக்கர்கள் மேலும் விழுந்தது. அவர்களை மார்ச் 2-ல் அப்புறப்படுத்தினார்கள். ரோங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மார்ச் 3-ல். அறிவித்த அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் படகின் வானொலிக் கருவியை இயக்கிய அய்க்கிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார்.

கேள்வி: கடலுக்கு அடியில் வெடித்தால் தூசியே இருக்காது, இல்லையா?

பதில்: ஆழத்தைப் பொறுத்தது. 1946 ஜூலை 25-ல் பிக்கினியின் உள்கடலில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் வெடித்தபோது, எழுந்த நீர்த்தூண் சரிந்து, கதிரியக்கத் துளிகள் நிறைந்த மூடுபனியாக நீர்மேல் உருண்டு பரவியது. இலக்காக நிறுத்தியிருந்த கப்பல்களில் படிந்ததைத் தேய்த்துக் கழுவியும் போக்க முடியவில்லை. அந்த வரிசையில் அடுத்து நடக்க வேண்டிய சோதனையையே கைவிட்டார்கள். இங்கே மேலடுக்குக் காற்றுக்குப் பெரிய வேலையில்லை. கீழ்க்காற்றும் நீரோட்டமும்தான் முக்கியம்.

கேள்வி: வளிமண்டலத்தில் வெடிப்பது நின்றுவிட்டதே, இந்தக் கணக்கு இப்போது எதற்கு?

பதில்: பின்னோக்கிப் போட. எங்கோ ஒரு நிலையத்தில் கதிரியக்க வாயு அகப்பட்டால், காற்றைத் தேதிவாரியாகப் பின்னால் ஓட்டி, அது எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று பார்க்கிறார்கள். 2013 பிப்ரவரி 12-ல் வடகொரியா நிலத்தடியில் வெடித்தது. 55 நாள் கழித்து ஜப்பானின் தகாசாகி நிலையத்தில் செனான் என்ற கதிரியக்க வாயு பிடிபட்டது. அதன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) விகிதமும் காற்றின் பாதையும் அந்தச் சோதனையோடு பொருந்தின.