ஏஞ்சல் மீன் மற்றதைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது, என்ன செய்வது?

இரண்டடித் தொட்டி, மூன்று ஏஞ்சல், பெரியது ஒன்று சின்னதை மூலையிலேயே ஒடுக்கி வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஏஞ்சலுக்கு மூன்றுதான் இருப்பதிலேயே மோசமான கணக்கு. இரண்டு ஜோடி சேர்ந்தால் மூன்றாவது அடி வாங்கும், சேராவிட்டாலும் மொத்த அடியும் கடைசியாக இருப்பதன் மேல்தான் விழும்.

கும்பகோணத்தில் என் வீட்டிலும் இதே கூத்துதான். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் நான்கு குட்டிகள் வாங்கினேன், "ரெண்டடித் தொட்டி தாராளம் சார்" என்றார் கடைக்காரர். ஏழெட்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலை காபியோடு வந்து உட்கார்ந்தால், இரண்டு மீன் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. "முத்தம் குடுக்குதுப்பா" என்றாள் மகள். முத்தமாவது, அது மல்லுக்கட்டு. இரண்டு நாளில் அந்த இரண்டும் சேர்ந்து ஃபில்டர் பைப்பை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன, மற்ற இரண்டில் ஒன்று தண்ணீர் மட்டத்தில் பைப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்றது, வால் நார் நாராகக் கிழிந்திருந்தது.

பார்க்கத்தான் சாது, குடும்பத்தைப் பார்த்தால் நம் ஜிலேபி மீனுக்குச் சொந்தக்காரன், இரண்டுமே சிக்லிட் என்கிற மீன் குடும்பம். கோடையில் குளம் முழங்காலளவுக்கு வற்றும்போது சேற்றில் தட்டுத் தட்டாகக் குழி தெரியுமே, அது ஆண் ஜிலேபி தோண்டிக் காவல் காக்கிற குழி. அமேசான் ஆற்றுக்காரனான ஏஞ்சலுக்கும் அதே குணம்தான், முட்டையிடக் குழிக்குப் பதிலாக நிமிர்ந்து நிற்கிற இலையோ பைப்போ வேண்டும், அவ்வளவுதான். அதனால் எதையாவது கொத்திச் சுத்தம் செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்தால் ஜோடி, முட்டை வரப்போகிறது, மற்றதை அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் பிடிப்பதே 56 லிட்டர்தான், வளர்ந்த ஏஞ்சல் துடுப்பு நுனிக்கு நுனி 20 செ.மீ. உயரம் வரும், ஒரு ஜோடிக்கு மேல் அதில் இடமில்லை. கூட்டமாகத்தான் வேண்டும் என்றால் நாலடித் தொட்டி, ஒன்றரை அடி உயரம், ஆறு மீன், எல்லாம் குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. எண்ணிக்கை கூடினால் அடி பங்கு பிரிந்துவிடும்.

ஜோடி இல்லை, சும்மா ரவுடித்தனம் என்றால் அடி வாங்குவதை அல்ல, அடிப்பதை வெளியே எடுங்கள். பத்து நாள் தனியாக இருக்கட்டும். அதற்குள் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டு, லைட்டை அணைத்துத் திரும்ப விட்டால் தன் இடம் எது என்றே அதற்குத் தெரியாது. ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி உயரமான செடிகள் வையுங்கள். வேலம்பாசி நன்றாக மறைக்கும், ஆனால் வயல் வாய்க்காலில் அள்ளி அப்படியே போட்டுவிடாதீர்கள், மருந்து அடித்த தண்ணீராக இருக்கலாம், நத்தையும் கூடவே வரும். சாப்பாட்டை ஒரே நேரத்தில் இரண்டு மூலையிலும் போடுங்கள். கிழிந்த துடுப்புக்கு மருந்து தேட வேண்டாம், அழுகல் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரே போதும்.

முட்டை ஒட்டிய பைப்பை எடுத்துவிட்டால் சண்டை இரண்டு மூன்று நாளில் அடங்கும், ஆனால் பத்துப் பதினைந்து நாளில் திரும்ப இட்டுவிடும். என்னுடையவை இட்ட முட்டை ஒவ்வொரு தடவையும் மறுநாளே வெள்ளையாகிப் போனது. கடைசியில் பார்த்தால் இரண்டுமே பெண்! ஆண் இல்லாவிட்டால் பெண்களே ஜோடி சேர்ந்து இப்படிக் காவல் காக்கும், அப்போதும் மற்ற மீனுக்கு அதே அடிதான்.

அடி வாங்கியதன் வால் ஒரு மாதத்தில் முளைத்துவிட்டது. சரி, தேறிவிட்டதே என்று பழைய தொட்டியிலேயே திரும்ப விட்டேன். பத்தே நிமிஷம், மறுபடி பைப்புக்குப் பின்னால். இப்போது மாயவரத்தில் மச்சான் வீட்டுத் தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாக இருக்கிறது.