மெயின்ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தை டம்ப் எடுக்கிறார்களே (பிழையை ஆராய அதில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது), எடுத்து முடிப்பதற்குள் தரவு மாறிவிடாதா?

மாறத்தான் செய்யும். அதனால்தான் எதை முதலில் எடுப்பது என்ற வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம். நான் சிஸ்டம் புரோகிராமராக வேலை பார்ப்பது ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில். அதை வைத்தே சொல்கிறேன்.

உரிமையில்லாத முகவரியை ஒரு நிரல் தொட்டால் எஸ்0சி4 என்ற குறியீட்டோடு அபெண்ட் ஆகும், அதாவது பாதியில் முறிந்து நிற்கும். உடனே, முன்பே பதிந்து வைத்த மீட்பு நிரலிடம் கட்டுப்பாடு போகும். பிழை இயங்குதளத்தின் ஏதாவது ஒரு கூறில் என்றால் பெரும்பாலும் அந்த மீட்பு நிரலே எஸ்விசி டம்ப் (சிஸ்டம் ஓடும்போதே இயங்குதளம் எடுக்கும் டம்ப்) கேட்டுவிடும். ஆபரேட்டர் கன்சோலிலிருந்தும் கேட்கலாம். "இன்னது நடந்தால் எடு" என்று ஸ்லிப் கட்டளையால் முன்கூட்டியே பொறி வைக்கவும் முடியும்.

சீக்கிரம் அழியக்கூடியதை முதலில் பிடிக்க வேண்டும். அதனால் சுருக்க டம்ப் முந்திக்கொள்கிறது: பிழை நேர்ந்த கணத்தின் ரெஜிஸ்டர்கள் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்), அவை சுட்டும் இடங்களை ஒட்டிய நினைவகம். அடுத்தது எல்லா வேலைகளும் பகிர்ந்துகொள்ளும் பொது நினைவகம். வேறு ஏற்பாடு செய்திராவிட்டால், இதைப் படியெடுக்கும் சிறு நேரத்துக்கு மற்ற வேலைகள் எல்லாமே நிறுத்தி வைக்கப்படும். அதன்பின் சிஸ்டம் தொடரும். டம்ப் எடுக்கப்படும் அட்ரஸ் ஸ்பேஸின் (ஒரு வேலைக்கென ஒதுக்கிய நினைவகப் பரப்பு) டாஸ்குகள் மட்டும் தங்கள் பகுதி முடியும்வரை காத்திருக்கும்.

இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. எடுக்கும் தரவு நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகலாகிறது. டிஸ்க்கில் எழுதும் மெதுவான வேலை பிறகு, மற்றவர்களைத் தடுக்காமல் நடக்கிறது. இந்த நகல்களுக்கு மேக்ஸ்பேஸ் என்ற உச்சவரம்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 500 மெகாபைட். பெரிய தரவுத்தளம் ஓடும் இடத்தில் இது போதாது. பாதி டம்ப்தான் கிடைக்கும், தேடும் கட்டுப்பாட்டுத் தொகுதி (இயங்குதளம் தன் நிலையைக் குறித்து வைக்கும் நினைவகப் பகுதி) அந்தப் பாதியில் இருக்காது. கட்டாயம் உயர்த்துங்கள். ஆனால் பேஜ் டேட்டாசெட்டுகளின் (நினைவகத்தில் இடமில்லாத பக்கங்களை வைக்கும் டிஸ்க் கோப்புகள்) இடத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் டம்ப்பே சிஸ்டத்தைத் திணறடித்துவிடும்.

ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் டிஏஇ என்ற இயங்குதள வசதி அதன் அறிகுறிகளை ஒப்பிட்டு மறுபடி எடுப்பதைத் தவிர்த்துவிடும்.

இயங்குதளமே உறைந்துவிட்டால் எஸ்விசி டம்ப்புக்கு வழியில்லை. அப்போதுதான் ஸ்டாண்ட்-அலோன் டம்ப். அது தனி நிரல்; நினைவகத்தைத் துடைக்காத முறையில் அதை ஏற்ற வேண்டும். துடைக்கும் முறையைத் தேர்ந்தால் எல்லாம் போயிற்று. பிராசசர்களின் நிலையைச் சேமித்து, முதலில் மெய் நினைவகத்தையும், பிறகு டிஸ்க்குக்குப் பேஜ் செய்யப்பட்ட பக்கங்களையும் அது எழுதும். இதற்கு நேரம் பிடிக்கும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் "முதலில் சேவை வரட்டும்" என்று இதைத் தவிர்த்தார்கள். அதே உறைவு மீண்டும் வந்தபோது ஆராய ஒரு தடயமும் இல்லை. அந்த அவசரத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இந்த டம்ப்பை எழுதும் டேட்டாசெட்டைப் பல வால்யூம்களில் (டிஸ்க்குகளில்) பரப்பி வைத்தால் எழுதும் நேரம் நன்றாகக் குறையும். புதிய இசட்/ஓஎஸ் வெளியீட்டுக்கு மாறும்போதெல்லாம் ஸ்டாண்ட்-அலோன் டம்ப் நிரலையும் புதிதாக உருவாக்கி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.